நிறத்தைப் பார்த்து கியர் ஒயில் ஊற்றாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஐயா தன் வேகன் ஆரைக் கொண்டுவந்தார். காலி வீதியில் சிக்னல் விழுந்து புறப்படும்போது கார் உதறுகிறதாம். “கியர் ஒயில் மாத்தி ரெண்டு கிழமைகூட ஆகேல்லை தம்பி” என்றார். அடியில் போல்ட்டைக் கழற்றினேன். சிவப்பாக ஏடிஎஃப், அதாவது சாதாரண ஒட்டோ கியர் ஒயில், கொட்டியது.

ஒட்டோ கியர் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில் என்று யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ! ஐயாவின் காரில் இருப்பது சீவிடி என்ற வகை ஒட்டோ கியர். அதில் முதலாம் கியர், இரண்டாம் கியர் என்று எதுவும் விழுவதில்லை. இரண்டு கப்பிகள், நடுவில் ஓர் இரும்புப் பெல்ட், அவ்வளவுதான். பெல்ட் கப்பியை நழுவாமல் பிடிக்க வேண்டும். அதற்கென்று செய்ததுதான் சீவிடி ஒயில். ஏடிஎஃப் வழமையான ஒட்டோ கியரின் கிளச் தட்டுகளுக்கானது. அதை இதில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும், கப்பியில் கீறல் விழும். சீவிடி ஒயிலிலும் ஒரே வகை அல்ல: பல நிசான் கார்களுக்கு என்எஸ்-3, பல ஹொண்டா கார்களுக்கு எச்சிஎஃப்-2. நிறம் வெறும் சாயம். காரோடு வந்த புத்தகத்தில் ஒயிலின் பெயர் இருக்கும் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் திரும்ப வர 2025 பெப்ரவரி ஆனது. அதுவரை இருந்த காரையே ஓட்டினோம். என்ஜின் ஒயிலை மாற்றியவர்கள்கூடக் கியர் ஒயிலை மறந்துவிட்டார்கள்.

சரி, உதறினால் உடனே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓடிப் பழைய கியர் பொக்ஸ் வாங்காதீர்கள். முதலில் காரைக் கம்பியூட்டரில் ஸ்கேன் பண்ணுங்கள். அப்புறம் ஒயில் தட்டைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வழமையான தேய்மானம். இரும்புத் துண்டுகள் இருந்தால் பெல்ட்டோ கப்பியோ பழுதாகியிருக்கலாம். ஐயாவுக்குப் பசைதான், தப்பினார். ஒரு தடவை வடித்தால் முழு ஒயிலும் வெளியே வராது, என்ஜினையும் கியரையும் இணைக்கும் கொன்வேட்டருக்குள் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் சரியான ஒயிலை ஊற்றி, ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, மூன்று தடவை செய்தோம். உதறல் நின்றது.

தயவுசெய்து இன்னும் இரண்டு விஷயம். கார் முழுதாக நிற்காமல் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குத் தள்ளாதீர்கள். வழியில் நின்றுவிட்டால், முன் சில்லுகள் உருளக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். என்ஜின் ஓடாதபோது ஒயில் பம்பும் ஓடாது.

போகும்போது ஐயா மிச்சமிருந்த சிவப்பு ஒயில் டின்னைக் காட்டி, “இதைப் பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்தலாமோ தம்பி?” என்று கேட்டார். அந்தக் காரின் ஸ்டியரிங் மின்சாரத்தில் வேலை செய்வது.