மலையிறங்கிய மெஷினும் கீறல் விழுந்த பிஸ்டனும்

நுவரெலியாவில் மரக்கறித் தோட்டம் செய்யும் மச்சானிடம் புல்வெட்டும் மெஷினை இரவல் வாங்கி, கம்பளைக்குக் கொண்டுவந்தேன். மேலே ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கீழே வந்து அரை மணி நேரத்தில் சத்தம் திடீரென்று கூர்மையாகி, அப்படியே நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிறும் அசையவில்லை. சூடு ஆறியபின் இழுபட்டது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் நெடுக்குக் கோடுகள்.

ஒயில் கலக்க மறந்துவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, சரியாகவே கலந்திருந்தேன். வினை மலையில் இருந்தது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கரையோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்திருப்பதால், காற்றோடு பெற்றோலைக் கலக்கும் கார்புரேட்டர் விடும் பெற்றோல் மிஞ்சிப்போகும். மெஷின் புகை கக்கித் திணறும். அதனால் மச்சான் திருகாணியை இறுக்கிப் பெற்றோலைக் குறைத்திருந்தார். கம்பளை ஏறக்குறைய 500 மீற்றர். அங்கே அடர்ந்த காற்று உள்ளே போகிறது, ஆனால் அதற்கேற்ற பெற்றோல் இல்லை. எரிதல் சூடாகிறது. இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இதில் ஒயில் பெற்றோலோடு கலந்துதான் வரும் என்பதால் பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும். இரண்டு அடி ஒரே நேரத்தில்.

பிஸ்டன் அலுமினியம். சூட்டில் அது சிலிண்டரைவிட அதிகம் விரியும். சிலிண்டருக்கும் அதற்கும் இடையே உள்ள இடைவெளியோ மில்லிமீற்றரில் நூறில் சில பங்குகள்தான். அது அடைபட்டதும் பிஸ்டன் உரசி, மென்மையான அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ளும். புகை வெளியேறும் பக்கம்தான் அதிகம் சூடாகும் என்பதால் காயம் பெரும்பாலும் அங்கேதான் விழும். சுற்றிலும் கீறல் என்றால் ஒயிலைச் சந்தேகிக்கலாம். காற்று நுழையும் பக்கத்தில் மங்கலான தேய்மானம் என்றால் வடிகட்டி வழியாகத் தூசி போயிருக்கிறது.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குக் காரணம் எளிது. வாயுவை அடைத்து வைப்பது பிஸ்டனின் மேற்பகுதியைச் சுற்றியுள்ள உலோக வளையமான ரிங். பிஸ்டனின் கீழ்ப்பக்கம் பெரும்பாலும் வழிகாட்டத்தான். அங்கே ஒரு பள்ளம் இருந்தால் ஒயில் தங்கும், அவ்வளவுதான். கேடு செய்வது மேடு. ஆகவே மேட்டை மட்டும் எடுக்க வேண்டும். 400 அல்லது 600 நம்பர் தண்ணீர் சாண்ட் பேப்பரில் சிறிது ஒயில் விட்டு, குறுக்கும் நெடுக்குமாக மெதுவாகத் தேய்த்தால் போதும். கோடு முழுக்க மறையும்வரை தேய்க்கும் ஆசை வரும். நானும் ஒருமுறை பளபளவென்று ஆக்கினேன். பிஸ்டன் மெலிந்து கடகடவென்று ஆடியது.

ரிங் தன் பள்ளத்தில் தாராளமாக அசைகிறதா என்று பாருங்கள். அலுமினியம் அதன்மேல் அப்பி ரிங் சிக்கியிருந்தாலும், கீறல் ரிங்கைக் கடந்து மேலே போயிருந்தாலும், தலையில் ஓட்டையோ வெடிப்போ இருந்தாலும் புதுப் பிஸ்டன்தான்.

சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைப்பது கராஜ் வழக்கம். அதில்தான் கவனம் வேண்டும். சிலிண்டர் சுவரின் பூச்சு நிக்கல் என்றால் அமிலத்தைச் சிறிது நேரம் தாங்கும், குரோம் என்றால் அமிலம் அதைத் தின்றுவிடும். எந்தப் பூச்சு என்று தெரியாவிட்டால் அமிலத்தைத் தொடாமல் சாண்ட் பேப்பரால் பொறுமையாக எடுப்பதே நல்லது. அமிலம் பூசினால் கையுறையும் கண்ணாடியும் போட்டு, வெளியில் வைத்து, பஞ்சுக்குச்சியால் ஒட்டின இடத்தில் மட்டும் தொட வேண்டும். குமிழியாக வருவது ஹைட்ரஜன், அருகில் பீடி கூடாது. சோடா மா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே ஒயில் தடவ வேண்டும். கழுவியபின் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் பூச்சு போய்விட்டது, அந்தச் சிலிண்டரை இனி வீட்டில் சரிசெய்ய முடியாது.

பொருத்தும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சின்ன ஊசிக்கு இருபுறமும் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டர் துவாரத்தில் மாட்டி உடையும். பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் பின்னைப் பிடிக்கும் கம்பி வளையம் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். பழையதை வளைத்துப் போட வேண்டாம்.

அப்புறம் கார்புரேட்டர். முழு வேகத்துக்கான பெற்றோலைக் கட்டுப்படுத்தும் ‘எச்’ திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திறந்தேன். சுமையில்லாமல் முழு வேகத்தில் சத்தம் சற்றுக் கரகரக்க வேண்டும், புல்லில் வைத்ததும் தெளிய வேண்டும். ஒரு தாங்கி பெற்றோல் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்: பால் தேத்தண்ணி நிறம். மச்சானிடம் திருப்பிக் கொடுத்தபோது திருகாணியைத் திறந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் அதை மறுபடி இறுக்கிக்கொண்டார்.