மிதித்தும் போகாத பிக்கப்: பெடலை மாற்றும் முன்

"மிதிச்சா வண்டி போக மாட்டேங்குதுங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது."

பட்டறைக்கு வந்த அந்த பிக்கப் ஓட்டுநர் இப்படித்தான் ஆரம்பித்தார். வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஆக்சிலேட்டர் பெடலை மாற்றியிருந்தார்கள். பழுது தீரவில்லை. அப்புறம் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடியையும் மாற்றினார்கள். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் முழு லோடோடு ஒரு ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. எங்களிடம் வந்தபோதோ வண்டி பரம சாது. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இந்தக் குணம் உண்டு.

இப்போதைய பெரும்பாலான வண்டிகளில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. நாம் மிதிப்பது வெறும் மனு, முடிவெடுப்பது ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர். அதனால்தான் பெடலுக்குள் இரண்டு சென்சார் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே அழுத்தத்துக்கு வேறு வேறு வோல்ட் காட்டும். பல வண்டிகளில் ஒன்று காட்டுவதில் பாதியை மற்றது காட்டும். இந்தக் கணக்கு கொஞ்ச நேரம் பிசகினாலும் ஈசியூ இரண்டையும் நம்பாது. எஞ்சின் பலத்தைக் குறைத்து, லிம்ப் மோடில் போட்டுவிடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும்.

ஸ்கேனரில் பி2138 (P2138) என்ற பழுதுக் கோடு (code) இருந்தது. பெடலின் இரண்டு சிக்னலும் ஒத்துப்போகவில்லை என்பது இதன் பொருள். பெடல் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. பெடல், கனெக்டர், வயர், கிரவுண்ட், ஈசியூ எல்லாம் சேர்ந்ததுதான் அந்த சர்க்யூட். கோடைப் படித்த கையோடு பார்ட்ஸ் வாங்க ஓடுவதில்தான் பணம் கரைகிறது.

நான் முதலில் கேட்டது, "எப்போ வருது?" என்றுதான். லோடு ஏற்றினால், ஏற்றத்தில், கிளட்சை விட்டு இழுக்கும்போது. காலி வண்டியில் வந்ததே இல்லை. பழுது வந்த நொடியில் ஈசியூ பதிந்துவைக்கும் விவரமான ஃப்ரீஸ் ஃப்ரேமும் அதையே சொன்னது: வேகம் குறைவு, எஞ்சின் லோடு அதிகம். பெடல் உள்ளே தேய்ந்திருந்தால் வண்டி காலியா, லோடா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. லோடு இழுக்கும்போது அசைவது எஞ்சின். ஆகவே எஞ்சினோடு சேர்ந்து இழுபடும் வயரைத் தேடினோம்.

இக்னிஷனை ஆன் செய்து, பெடலை ஒரே நிலையில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வயர் கட்டை அங்குலம் அங்குலமாக ஆட்டிப் பார்த்தேன். மல்டிமீட்டரில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் வோல்ட் வீழ்ச்சியை அது காட்டாது. வோல்ட் ஏறி இறங்குவதை உடனுக்குடன் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் தெரிந்தது: கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் கையை வைத்ததும் இரண்டாவது சிக்னல் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கி ஏறியது.

டேப்பைப் பிரித்தால் மேலே உறை முழுசாக இருக்கிறது. விரலால் வளைத்தால் ஒரே இடத்தில் மட்டும் நூல் மாதிரி தொளதொளவென்று மடிகிறது. உறையைக் கீறினால் உள்ளே செம்பு அறுந்து, முனையில் பச்சைக் களிம்பு. முன்பு எப்போதோ கிளட்ச் வேலை பார்த்தவர்கள் அந்தக் கட்டைப் பிடிக்கும் கிளிப்பைத் திரும்ப மாட்டாமல், எஞ்சின் பக்கத்தில் இறுக்கி டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எஞ்சின் ஒவ்வொரு முறை சாயும்போதும் வயர் இழுபட்டிருக்கிறது.

எல்லா வண்டியிலும் வயர்தான் என்று சொல்லமாட்டேன். பிரேக் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், பிரேக் மிதிபடுவதாக நினைத்து ஈசியூ த்ராட்டிலைக் குறைக்கும் வண்டிகள் உண்டு. பின்னால் யாரையாவது நிற்கவைத்து ஸ்டாப் லைட்டைப் பாருங்கள். பெடல் சென்சாருக்கு மின்சாரம் தரும் அதே 5 வோல்ட் லைனில் இருக்கும் வேறொரு சென்சார் ஷார்ட்டாகி பெடலையும் சேர்த்துக் கவிழ்ப்பதும் உண்டு. கோடே இல்லாமல் இழுவை மட்டும் போனால் டீசல் அல்லது பெட்ரோல் பிரஷரைப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இக்னிஷன் ஆனில் இருக்கும்போது த்ராட்டில் தகட்டுக்குள் விரலை விடாதீர்கள். மோட்டார் மூடினால் விரல் நசுங்கிவிடும்.

ஓட்டும்போது இது நடந்தால் ஹசார்ட் லைட்டைப் போட்டு மெல்ல ஓரம் கட்டுங்கள். எஞ்சின் ஓடும்வரை ஸ்டியரிங்கும் பிரேக்கும் வழக்கம்போல இருக்கும்; அணைந்துவிட்டால் இரண்டும் கனக்கும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தியபின் வேகம், கியர், லோடு, மழையா வெயிலா எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மட்டும் பட்டறைக்கு வராதீர்கள். பல வண்டிகளில் கோடும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் அதோடு அழிந்துவிடும்.

அந்த வயரை வெட்டி, புதுத் துண்டு இணைத்து, ஸ்லீவ் போட்டு, கிளிப்பையும் மாட்டினோம். அதே லோடோடு அதே ஏற்றத்தில் மூன்று தடவை ஏற்றிப் பார்த்தோம், இழுத்தது. கிளம்பும் நேரத்தில் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலிருந்து கழற்றிப்போட்ட பழைய பெடலை எடுத்து நீட்டினார். சரி, பார்த்துவிடலாம் என்று மாட்டினோம். அடியிலிருந்து உச்சிவரை ஒன்றுக்குப் பாதி, கணக்கு இம்மியும் பிசகவில்லை.