ட்ரேஸ் மினரல்: சுவடா, நுண்மையா?

வயதானவர்களுக்கென்று விற்கும் சத்து மாத்திரை அட்டையில் 'ட்ரேஸ் மினரல்' என்று போட்டிருக்கும், உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் கனிமங்களுக்கு அந்தப் பெயர். தமிழில் என்னவென்று கேட்டால் சுவட்டுக் கனிமம், நுண்கனிமம், தாது உப்பு என்று மூன்று பதில் வரும். மூன்றும் ஒன்றல்ல.

'மினரல்' இடைக்கால லத்தீனில் சுரங்கத்தையும் அதில் எடுக்கும் தாதுவையும் குறித்த 'மினெரா'விலிருந்து வந்தது. நம் 'கனிமம்' பிறந்த வழியும் அதுதான், இதிலிருக்கும் கனி பழமில்லை, சுரங்கம் என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த கனி. தாது உப்பு மாட்டுத் தீவனக் கடை வரை புழங்கும் நல்ல சொல், ஆனால் சித்த மருத்துவத்தில் தாது என்றால் உடலைக் கட்டும் ஏழு தாதுக்கள், அதனால் உடல்நலம் பற்றி எழுதும்போது குழப்பிவிடும்.

அப்புறம் 'ட்ரேஸ்'. அந்தக் கால ஆய்வகங்களில் ஒரு தனிமம் இருப்பது தெரியும், எவ்வளவு என்று அளக்க முடியாது, அதனால் தடம் தெரிகிறது என்ற பொருளில் 'ட்ரேஸ்' என்று மட்டும் குறித்து வைத்தார்கள். அதை அப்படியே தமிழாக்கியதுதான் சுவடு.

எனக்கு நுண்கனிமம்தான் சரியென்று படுகிறது. சுவடு என்றால் வந்துபோனதன் அடையாளம், இந்தக் கனிமங்களில் ஒன்றான துத்தநாகமோ (ஜிங்க்) உடலிலேயே சுமார் 2 கிராம் இருந்துகொண்டு நூற்றுக்கணக்கான நொதிகளுக்கு உதவுகிறது. அது குறைந்தால் மனிதனின் வளர்ச்சியே நின்றுபோகும் என்பதை ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1960களில்தான் ஈரானிலும் எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞர்களிடம் கண்டு சொன்னார்.

ஆனாலும் சுவடு என்ற சொல்லைத் தூக்கிப் போட வேண்டாம், ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் எண்ணுக்கு அது அழகாகப் பொருந்தும். முதியவர்கள் பலருக்கு ரத்தத்தில் துத்தநாகம் இறங்கியும் செம்பு ஏறியும் இருக்கும், உடனே இந்தக் குறைவால்தான் நோய் வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உடலில் நாள்பட்ட அழற்சி இருந்தால் கல்லீரல் துத்தநாகத்தை ரத்தத்திலிருந்து தன்னிடம் இழுத்துக்கொள்ளும், செம்பைச் சுமக்கும் புரதத்தைக் கூடுதலாக ரத்தத்தில் விடும், அப்போது அந்த எண் நோய் பதித்துவிட்டுப் போன சுவடுதானே? சர்க்கரை நோயில் துத்தநாகம் சிறுநீரோடு கூடுதலாகப் போய்விடும், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு வகை மாத்திரையும் அதையே செய்யும். மறுபக்கமும் உண்மை, பசி குறைந்து ஒருவேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் பாட்டிக்கு நிஜமாகவே சத்துக் குறைந்து நோய் எதிர்ப்பு தளரலாம். எது முன்னால் வந்தது என்பதை அந்த ஓர் எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

அதனால் தாளைப் பார்த்ததும் நீங்களாகவே துத்தநாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மாதக்கணக்கில் அதிக அளவில் போனால் குடல் செம்பை உறிஞ்சுவது தடைபட்டு ரத்தசோகை வரும், கால் மரத்துப்போய் நடை தடுமாறும். பயறை ஊறவைத்து முளைகட்டிக் கொடுங்கள், துத்தநாகத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் அதில் குறையும்.