புறாமலையில் கல் வெளுத்தால்

திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகில் பத்து, பதினைந்து நிமிடம். வைகாசியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கண்ணாடியை மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் வைத்தால், மான்கொம்பு போலக் கிளைவிட்ட முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்). எல்லாம் பழுப்பும் மங்கிய பச்சையுமாக இருக்க, ஒரு திட்டு மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

"அது செத்த கல்லு, தம்பி" என்றார் படகுக்காரர்.

செத்திருக்கவில்லை. கிட்டப் பார்த்தால் கிளை முழுக்க ஊசித் துளை அளவில் கிண்ணங்கள். அவற்றில் கண்ணாடி போன்ற தசை. முருகைக்கல் என்று நாம் சொல்வது உண்மையில் ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய சுண்ணாம்பு வீடு. அவற்றின் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் சமைப்பது பாசி. சாப்பாட்டில் பெரும்பங்கு முருகைக்கு. நிறமும் பாசி தருவதுதான்.

தண்ணீர் கூடுதலாகச் சூடேறினால் இந்தச் சமையல் குழம்பிவிடுகிறது. பாசி நச்சுத்தன்மையான ஒட்சிசன் சேர்வைகளை வெளியிடுகிறது. முருகை தன் சமையல்காரனையே வெளியே தள்ளுகிறது. நிறம் போனதும் தசைக்கு அடியில் உள்ள வெள்ளை எலும்பு தெரிகிறது. அதாவது வெள்ளைக் கல், பட்டினி கிடக்கும் கல். செத்த கல் நெடுநாள் வெள்ளையாக நிற்காது. சில வாரங்களில் அழுக்குப் பச்சையாக வேறொரு பாசி மேலே படர்ந்துவிடும்.

எவ்வளவு சூடு? வழக்கமான உச்ச வெப்ப மாதத்தின் சராசரியைவிட 1 பாகை செல்சியஸ் கூடி, நான்கு வாரம் நின்றாலே போதும். நமக்கு அது ஒன்றுமே இல்லை, குளித்தால்கூடத் தெரியாது.

அந்த ஒரு பாகை எங்கிருந்து வருகிறது? கைத்தொழில் யுகத்துக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அது பிடித்துவைக்கும் மேலதிக வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது.

இதற்கு முருகையே சாட்சி. பெரிய கல்லை அறுத்து எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தால் மரத்தைப் போல ஆண்டு வரிகள் தெரியும். குளிர்ந்த நீரில் வளர்ந்த வரியில் ஸ்ட்ரோன்சியம் என்ற உலோகம் சற்றுக் கூட, சூடான நீரில் குறைவு. வெப்பமானி கண்டுபிடிக்கப்படாத காலத்துக் கடற்சூட்டைக்கூட இதில் வாசிக்கலாம். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வந்த பழங்காபனின் தடமும் அதே வரிகளில் பதிந்திருக்கிறது. அது எரிமலைக் காபனின் தடம் அல்ல. எரிமலைதான் காரணம் என்று வாதிடுபவர்களுக்கு அங்கேயே பதில் உண்டு.

1998இல், பசிபிக் கடல் அவ்வப்போது சூடேறும் எல் நினோவின் சூட்டில், இக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் கற்கள் பெருவாரியாக வெளுத்து மடிந்தன. திருகோணமலை தப்பியது. அந்த அதிர்ஷ்டம் நமக்குக் கொஞ்சம் மிதப்பைத் தந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அடிபட்ட பார் (முருகைக்கற்கள் சேர்ந்த திட்டு) தேறப் பத்து வருடமாவது வேண்டும். உலக அளவிலான வெளுப்போ 1998, 2010, 2014 முதல் 2017 வரை, பிறகு 2023 என்று நெருங்கி நெருங்கி வருகிறது. பூமியின் சூடு கைத்தொழில் யுகத்துக்கு முன்பைவிட 1.5 பாகை கூடினால் உலகின் முருகைப் பார்களில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 பாகையானால் அநேகமாக எல்லாமே போகும் என்பது ஐ.நா. காலநிலைக் குழுவின் 2018 கணிப்பு.

சூட்டைக் குறைப்பது புகையைக் குறைப்பதில்தான் இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் வரவிருந்த 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கேயே 120 மெகாவாற் சூரிய மின்திட்டம் 2025இல் தொடங்கிவைக்கப்பட்டது. சூடு குறையும்வரை நம் கையில் இருப்பது பட்டினி கிடப்பதை மிதிக்காமல் விடுவது. வற்று நேரத்தில் கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள், நங்கூரத்தைப் பார் மேலேயே போடுகிறார்கள். நல்ல கல்லே தாங்காது, வெளுத்தது எப்படித் தாங்கும்?

ஆடியில் மறுபடி போனேன். அந்தத் திட்டில் நிழல் பக்கத்துக் கிளைகள் சிலவற்றின் அடியில் பழுப்பு ஏறியிருந்தது. மற்றவற்றில் பச்சைப் பாசி மயிர்போல் ஆடிக்கொண்டிருந்தது.