மஞ்சள் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையை மூடியது 1990களின் நடுவில். தோல் பதனிட வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை அது. மூடிய பிறகும் 2 லட்சம் டன்னுக்கு மேல் கழிவு வெட்டவெளியில் பல வருடம் குவிந்து கிடந்தது, மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசியும். எல்லாரும் படம் பிடிப்பது அந்தக் குவியலைத்தான். எனக்கோ அதற்கு அடியில் இறங்கிப் போனதுதான் பெரிய கவலை, ஏனென்றால் அது யார் வீட்டுக் கிணற்றுக்குப் போகிறது என்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது.

குரோமியம் மண்ணில் முக்கியமாக இரண்டு வடிவத்தில் இருக்கும். மூன்று இணைதிறன் (மற்ற அணுக்களோடு பிணையும் அளவு) கொண்டது, சுருக்கமாக 'மூன்று வகை', பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது, அதாவது 'ஆறு வகை', அப்படியில்லை, தண்ணீரில் நன்றாகக் கரையும், தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும், புற்றுநோயையும் வரவழைக்கும். மஞ்சள் நிறம் இதனுடையது. சுற்றிலும் தோல் தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்: அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் மூன்று வகை, அதனால் ஒரு கிணற்றில் ஆறு வகை நிறைய இருந்தால் சந்தேகம் முதலில் குவியல் பக்கம் திரும்பும்.

சரி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? அதற்குக் குறைந்தது மூன்று கிணறு வேண்டும். ஒரு பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல மூன்று இடத்திலாவது உயரம் தெரிய வேண்டும் இல்லையா, அதே கணக்குதான். ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளந்தால் சாய்வு கிடைத்துவிடும். ஆனால் அங்கே அடியில் இருப்பது கடினப்பாறை. மேலே சிதைந்த பகுதியில் தண்ணீர் பரவலாக நகரும், கீழே போனால் பாறை வெடிப்பு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் போகும், பக்கத்துக் கிணறு சுத்தமாக இருக்க, தள்ளி இருக்கும் கிணறு கெட்டுப்போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. அதனால் போர் போடுவதற்கு முன்பே தரையில் நான்கு கம்பிகளை வரிசையாக நட்டு, வெளிக் கம்பிகள் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். உப்பு கலந்த கழிவுநீர் இருக்கும் இடத்தில் மின்தடை குறைந்து காட்டும்.

போர் போடுவதிலும் கவனம் வேண்டும். குவியலுக்கு நடுவே துளைத்துவிட்டுச் சரியாக அடைக்காமல் விட்டால் விஷத்துக்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். குழாயும் பிவிசியாக இருப்பது நல்லது, இரும்பு அந்த ஆறு வகையை மூன்றாக மாற்றிவிடும், தண்ணீர் நல்லதென்று பொய்யாகக் காட்டும்.

மாதிரி எடுக்கிற அன்று முதலில் வரும் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கக் கூடாது, அது குழாயிலேயே தேங்கி நின்ற தண்ணீர். மீட்டரை வைத்துக்கொண்டு மெதுவாக இறைப்பார்கள், மின்கடத்துதிறனும் அமிலத்தன்மையும் ஏறி இறங்கி ஒரே எண்ணில் நிற்கும், அப்புறம்தான் வடிகட்டிப் பிடித்து ஐஸ் பெட்டியில் வைப்பது. ஆய்வகத்தில் கொஞ்சம் அமிலம் சேர்த்து டைஃபீனைல்கார்பசைடு என்ற வேதிப்பொருளை விட்டால், ஆறு வகை இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பிலிருந்து ஊதா வரை மாறும், நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளந்து சொல்லும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கே இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். தண்ணீர் மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரிகிற அளவு இந்த வரம்பைவிட எவ்வளவோ மேலே. தெளிவாக இருக்கிறதே என்று குடிப்பவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மண்ணையும் ஆழம் ஆழமாக எடுத்து, தண்ணீரில் குலுக்கி எவ்வளவு கரைந்து வருகிறது என்று பார்ப்பார்கள், இன்னும் எத்தனை மழைக்கு விஷம் மிச்சம் இருக்கிறது என்று அதில் ஓரளவு தெரியும். இத்தனையும் ஒரு தடவை செய்தால் போதாது, கோடையிலும் மழைக்குப் பிறகும் திரும்பச் செய்ய வேண்டும்.

சோதனையை ஏமாற்றுகிற அதே இரும்புதான் மருந்தும். ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கரைத்து நிலத்துக்குள் செலுத்தினால் ஆறு வகை மூன்றாகி மண்ணோடு படிந்துவிடும். ஆனால் கழிவுநீர் ஓடும் வெடிப்பு ஒரு பக்கம் இருக்க, மருந்தை வேறு பக்கம் இறக்கினால் ஒரு சொட்டுகூட அதைப் போய்ச் சேராது.