சாமுத்திரிகா லட்சணம்: உடற்குறி வேறு, முகக்குறிப்பு வேறு

நெற்றியின் அகலம், மூக்கின் வளைவு, காது மடலின் நீளம், மச்சம் விழுந்திருக்கும் இடம், கால்விரல்களின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒருவருடைய குணத்தையும் வரப்போகும் வாழ்வையும் சொல்லிவிடலாம் என்னும் நம்பிக்கையையும், அதைச் சொல்லும் நூல்களையும் சாமுத்திரிகா லட்சணம் என்கிறோம். பேச்சில் அங்க லட்சணம் என்பார்கள். ஆங்கிலத்தில் பிசியாக்னமி எனப்படுவது ஏறக்குறைய இதுவே. அது பெரும்பாலும் முகத்தோடு நின்றுவிடும். நம்முடையதோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை செல்லும்.

சாமுத்திரிகம் வடசொல். கடலரசனான சமுத்திரனோ அப்பெயர் கொண்ட முனிவர் ஒருவரோ சொன்ன நூல் ஆதலால் இப்பெயர் வந்தது என்பது மரபுவழிக் கதை. முத்திரையோடு கூடியது என்ற பொருளில் 'ச' என்னும் முன்னொட்டும் 'முத்திரா' என்பதும் சேர்ந்து பிறந்தது என்பது மற்றொரு விளக்கம். உடம்பின் மேல் விதி குத்திவிட்ட முத்திரைகளைப் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு துறைக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாக எனக்குப் படுகிறது. வடமொழித் தொகையில் இது சாமுத்திரிக லட்சணம் என்று குறிலாகத்தான் வரும். தமிழ் வழக்கில் 'கா' என்று நீண்டுவிட்டது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சோதிட அறிஞர் வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை என்னும் வடமொழி நூலில் ஆண்களின் இலக்கணத்துக்கும் பெண்களின் இலக்கணத்துக்கும் தனித்தனி இயல்கள் உண்டு. பௌத்த மரபில் மகாபுருடனுக்கு 32 இலக்கணங்கள் சொல்லப்படுகின்றன. அதே பௌத்தத்தின் தீக நிகாயம் என்னும் பாலி நூல்தொகுப்பில் முதலாவதாக உள்ள பிரமசால சுத்தம் என்னும் உரை, உறுப்புப் பார்த்துப் பலன் சொல்லிப் பிழைப்பதைப் புத்தர் விலக்கிய இழிதொழில்களுள் ஒன்றாக எண்ணுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

லட்சணம் என்ற சொல் நம்மிடம் இரண்டு வடிவில் வாழ்கிறது. எழுத்துக்கும் செய்யுளுக்கும் வரும்போது அது இலக்கணம். ஆளுக்கு வரும்போது லட்சணம். (இலக்கு என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த தமிழ்ச்சொல்லே இலக்கணம் என்று கொள்ளும் தனித்தமிழ் அறிஞர்களும் உண்டு.) லட்சணமான பெண் என்றால் அழகி என்று பொருள். "அவன் லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்றால் அவனுடைய குணம், நடத்தை என்று பொருள். தோற்றத்துக்கும் நடத்தைக்கும் ஒரே சொல் வழங்குவதாலேயே, ஒன்றைக் கண்டால் மற்றொன்றையும் கண்டதாக எண்ணிக்கொள்வது நமக்கு எளிதாகிவிடுகிறது.

அந்த எளிமை என்ன செய்யும் என்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். உறவுமுறையில் எனக்கு அக்காவாகும் ஒருத்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவள் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது, பாயில் அமர்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பாதங்களைப் பார்த்தார். கட்டைவிரலைக் காட்டிலும் அதற்கடுத்த விரல் சற்று நீண்டிருந்தது. ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றவர்கள் போடவில்லை. அந்த விரல் நீண்டவள் புருஷனை அடக்கி ஆள்வாள் என்று அந்த அம்மா சொல்லிவிட்டதாகத் தரகர் வாயிலாகப் பிறகு தெரிந்தது. அதற்குப் பின் பல ஆண்டுகள், யார் வந்தாலும் அக்கா சேலைக் கரையால் பாதத்தை மூடிக்கொண்டுதான் உட்காருவாள்.

சாமுத்திரிகம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் தேடுவோர் முதலில் பார்க்கவேண்டிய இடம் சிலப்பதிகாரம். வரந்தரு காதையில், சேர மன்னனின் அவையில் இளைய மகனைக் கண்ட ஒருவன், "அரைசுவீற் றிருக்கும் திருப்பொறி" அவனுக்கு உண்டு என்கிறான். அரியணையில் அமர்வதற்கான உடற்குறியைத் திருப்பொறி என்கிறது காப்பியம். பொறி என்பதற்கு அடையாளம், புள்ளி, இலச்சினை என்னும் பொருள்கள் உண்டு. மேலே சொன்ன முத்திரை என்பதற்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது. அப்படிச் சொன்னவனை வெகுண்டு நோக்கிய இளையவன், மூத்தவனான செங்குட்டுவனின் துயரம் நீங்கும்படி அரசைத் துறந்து துறவியானான். அரசாளவே இல்லாதவனை "அந்தமில் இன்பத்து அரசாள் வேந்து" என்று காதை பின்னர்ப் போற்றும்போது, குறி சொன்ன அரசு வேறாகவும் அவன் அடைந்த அரசு வேறாகவும் போய்விடுகின்றன.

பொறி என்னும் சொல் இன்று எந்திரத்துக்கும் எலிப்பொறிக்கும் தீப்பொறிக்கும் போய்விட்டதால் அதை மீட்பது கடினம். வேறு சொல் ஆக்குவதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழியைச் சாமுத்திரிகத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். அவர்களே, "அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்" என்னும் 706ஆம் குறளையும் துணைக்கு அழைப்பார்கள். அந்தக் குறள் உள்ள அதிகாரத்தின் பெயர் குறிப்பறிதல். கடுத்தது என்றால் மிகுந்தது. அந்த நேரத்தில் நெஞ்சில் மிகுந்து எழுந்த சினமோ மகிழ்ச்சியோ முகத்தில் தெரியும் என்பதுதான் குறள் சொல்வது. பளிங்கின் அருகில் இருந்த பொருளை எடுத்துவிட்டால் அதன் நிறமும் பளிங்கிலிருந்து போய்விடும். பளிங்கின் வடிவத்தைப் பற்றி வள்ளுவர் அங்கே பேசவே இல்லை. உறுப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் சொன்னது இதற்கு நேர் எதிரானது: "உறுப்பொத்தல் மக்களொப்பு அன்றால்" என்று தொடங்கும் 993ஆம் குறளில், உடலுறுப்பால் ஒத்திருப்பது ஒப்பாகாது, பண்பால் ஒத்திருப்பதே ஒப்பு என்கிறார்.

எனவே முகத்தில் வந்துபோவது குறிப்பு. உடம்பில் பிறப்போடு நிலைத்திருப்பது உறுப்பு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் பேசும் நகையும் அழுகையும் வெகுளியும் முதல் வகையைச் சேர்ந்தவை. நம் பேச்சுவழக்கையே எடுத்துக்கொண்டால், திருட்டு முழி என்பது குறிப்பைச் சுட்டும். அந்த முழி மாறும். "சுருட்டை சோறு போடும்" என்பதும் "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்பதும் உறுப்பைச் சுட்டுபவை. முடியையும் உயரத்தையும் வைத்துக்கொண்டு ஆளை அளப்பவை. முன்னது நாள்தோறும் நாம் பழகிச் செய்வது, பல நேரம் சரியாகவும் இருப்பது. பின்னதற்கு அந்தத் தகுதி ஒருநாளும் இருந்ததில்லை.

மேலைநாட்டுச் சொல்லின் வரலாறும் இதே குழப்பத்தால் ஆனது. கிரேக்கத்தில் பிசிஸ் என்றால் இயல்பு, க்னோமோன் என்றால் அறிந்து காட்டுவது. நிழற்கடிகாரத்தின் முள்ளுக்கும் அதே பெயர்தான். 18ஆம் நூற்றாண்டில் இதை ஐரோப்பா முழுவதும் பரப்பியவர் சுவிட்சர்லாந்தின் மதபோதகர் லவாட்டர். அவருடைய கருத்துகளில் ஊறியிருந்த கப்பல் தலைவர் பிட்ஸ்ராய், 1831இல் பீகிள் கப்பல் பயணத்துக்குத் தம்மோடு வர விரும்பிய 22 வயது இளைஞரைப் பார்த்து, இப்படிப்பட்ட மூக்கு உள்ளவருக்கு நெடும்பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று ஐயுற்று, சேர்த்துக்கொள்ளத் தயங்கினார். அந்த இளைஞர் சார்லஸ் டார்வின். தம் மூக்கு பொய் சொல்லியதைப் பிட்ஸ்ராய் பின்னர் உணர்ந்திருப்பார் என்று டார்வினே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு மூக்கால் அவர் கரையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ, குற்றவாளிகளைத் தாடையாலும் காதாலும் நெற்றியாலும் இனங்காணலாம் என்று நூல் எழுதினார். சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் இங்கிலாந்துச் சிறைகளில் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து ஆராய்ந்து, அப்படி ஒரு குற்றவாளி உருவமே இல்லை என்று 1913இல் வெளியிட்டார். அதற்கிடையில் இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரி ரிஸ்லி மூக்கின் அகலத்துக்கும் நீளத்துக்குமான விகிதத்தைக் கொண்டு சாதிகளின் உயர்வு தாழ்வை விளக்க முற்பட்டார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் தென்னாட்டு மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து குறித்துக்கொண்டிருந்தார். தனியாளைக் குறித்த லட்சணம் ஊரையும் சாதியையும் குறித்த லட்சணமாக மாறியது இப்படித்தான்.

2016இல் ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், முகப்படங்களைக் கொண்டே குற்றவாளியைக் கணினி பிரித்தறிகிறது என்று அறிவித்தார்கள். குற்றவாளிகளின் படங்கள் அடையாள அட்டைப் படங்கள் என்பதையும், மற்றவர்களின் படங்கள் இணையத்திலிருந்து எடுத்தவை என்பதையும், பின்னவற்றில் இதழோரம் புன்னகை இருந்ததையும் மறுப்பாளர்கள் சுட்டினார்கள். உறுப்பைப் படித்ததாகச் சொல்லப்பட்ட எந்திரம் உண்மையில் குறிப்பைத்தான் படித்திருக்கக்கூடும். இந்த இரண்டையும் பிரித்துக்காட்டும் சொற்கள் வழக்கில் இருப்பது இனிமேல் செய்தி எழுதுவோருக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் கட்டாயம் தேவைப்படும்.

முகவியல், முகத்தோற்றவியல் போன்ற ஆக்கங்களை நான் ஏற்பதில்லை. இயல் என்று முடிந்தாலே உயிரியல், இயற்பியல் போன்ற ஓர் அறிவுத்துறை என்ற மதிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. உறுப்பிலக்கணம் என்பது பழைய நூல்வகையைக் குறிக்கப் பொருந்தும். ஆயினும் இலக்கணம் என்ற சொல்லின் கண்டிப்பு அதற்கும் தகுதிக்கு மீறிய உறுதியைத் தந்துவிடுகிறது. உடற்குறி பார்த்தல் என்பதே என் தேர்வு. முகத்தை மட்டும் பார்ப்பதானால் முகக்குறி பார்த்தல் எனலாம். குறி என்பது அடையாளத்தையும் சுட்டும், குறி சொல்பவரின் வாக்கையும் சுட்டும். ஆகவே செயல் இன்னது என்பதோடு அதன் தரம் இன்னது என்பதையும் அச்சொல்லே உணர்த்திவிடுகிறது. பார்த்தல் என்பதை விட்டுவிடக் கூடாது. சித்த மருத்துவத்தில் நோயின் அடையாளங்களைக் குறிகுணம் என்பதால், மருத்துவர் நாவையும் விழியையும் பார்த்து நோயைக் கணிப்பதோடு இது கலந்துவிடும். மனநிலையைக் காட்டும் முகபாவத்துக்கு முகக்குறிப்பு என்றும், காவல்துறையும் கைப்பேசியும் ஆளை அடையாளம் காண்பதற்கு முகமறிதல் என்றும் வேறு வேறாக எழுதவேண்டும். முகக்குறிக்கும் முகக்குறிப்புக்கும் இடையே எழுத்தளவில் சிறு வேறுபாடுதான் இருக்கிறது என்பதால், அச்சுக்குப் போகுமுன் அந்த 'ப்பு' இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.