இட ஒதுக்கீடு பாடத்தைப் பட்டிமன்றம் ஆக்காதீர்கள்

உயர்நிலை வகுப்புகளில் இட ஒதுக்கீடு பாடம் வந்ததும் பல ஆசிரியர்களுக்கு முதலில் தோன்றுவது பட்டிமன்றம்தான். ‘தேவையா, தேவையில்லையா’ என்று இரண்டு அணி பிரித்தால் பிள்ளைகள் பேசுவார்கள், கைதட்டுவார்கள், பீரியடும் ஓடிவிடும். ‘தேவையில்லை’ அணியில் பேசுகிறவனுக்கு அது வெறும் பேச்சுப் போட்டி. எதிர் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கோ தன் படிப்பே விசாரணைக்கு வந்துவிட்டது போல இருக்கும். மறுநாள் மைதானத்தில் அந்தக் கைதட்டல் கேலியாகத் திரும்பி வரும்.

பேச்சை எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது. இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். முதல் பீரியடுக்கு 200 புளியங்கொட்டை போதும். 100 வேண்டாம், 26.5 சதவீதத்துக்கு அரைக் கொட்டை தேட வேண்டியிருக்கும். ஒரு கொட்டை ஒரு சீட். தமிழ்நாட்டின் 69 சதவீதக் கணக்குப்படி மேசையில் பிரிக்கச் சொல்லுங்கள்: பொதுப்பிரிவு 62, பி.சி. 53, பி.சி. முஸ்லிம் 7, எம்.பி.சி., சீர்மரபினர் 40, எஸ்.சி. 36 (அதில் அருந்ததியருக்கு 6), எஸ்.டி. 2. அந்த இரண்டு கொட்டை தனியாகக் கிடப்பதைப் பார்த்ததும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும்.

பெரும்பாலான பிள்ளைகள் தடுக்குவது பொதுப்பிரிவில்தான். அந்த 62 ‘ஓ.சி.காரர்களுக்கு’, அதாவது எந்த ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் இல்லாத சாதியினருக்கு என்றே நினைத்திருப்பார்கள். சில ஆசிரியர்களும் அப்படித்தான். தரவரிசைப்படி எல்லாச் சமூகத்தவரையும் கொண்டு முதலில் நிரப்பப்படுவது அந்த 62-தான். இதை வாயால் சொன்னால் நிற்காது. மதிப்பெண் எழுதிய துண்டுச்சீட்டுகளை வரிசையாக வைத்து நிரப்பிக் காட்டுங்கள். சீட்டில் கற்பனைப் பெயரும் வேண்டாம், பிள்ளைகள் அதில் ஊரையும் ஆளையும் கண்டுபிடித்துவிடுவார்கள். எண் மட்டும் போதும்.

இரண்டாம் பீரியட் கேள்விகளுக்கு. முதல் நாளே எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள் கொடுத்து, கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். வீட்டில் படித்துப் பார்த்து, வகுப்பில் நீங்களே வாசியுங்கள். ஒரு மாணவனை வாசிக்க விட்டால் கையெழுத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவான்.

வரக்கூடிய கேள்விகள் தெரிந்தவைதாம். “பத்து வருஷத்துக்குத்தானே கொடுத்தாங்க?” என்று கட்டாயம் ஒரு சீட்டு இருக்கும். அரசியலமைப்பின் 334-வது பிரிவில் இருந்த பத்தாண்டு வரம்பு மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளுக்கானது. அதுவும் இப்போது 2030 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கல்விக்கும் வேலைக்கும் அப்படி வரம்பு எழுதப்படவில்லை. கல்வி ஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட அரசியலமைப்பின் 15(4) பிரிவு சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கால் வந்தது. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே கிளர்ச்சி எழுந்தது, அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து அந்தப் பிரிவைச் சேர்த்தது.

“மார்க் கம்மியா எடுத்தவனுக்கு சீட்டா?” என்பதற்குக் கோபப்பட வேண்டாம். கட்-ஆஃப் என்பது நுழைவு வரிசை, உள்ளே போனபின் தேர்ச்சி மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றே என்று சொல்லுங்கள். கட்-ஆஃப் பட்டியலை வகுப்பில் விரிப்பதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். எல்லாக் கண்களும் ஒரே பெஞ்சுக்குப் போகும்.

‘ஒதுக்கீடு எவ்வளவு காலம் தேவை, எந்த அளவுகோலில்’ என்பது கருத்துக் கேள்வி, அதில் பிள்ளைகள் மாறுபடலாம். தீண்டாமை சரியா என்பது அப்படியல்ல. 17-வது பிரிவு அதைக் குற்றமாக்கிவிட்டது. அதற்கு ‘இரு தரப்பு’ கொடுத்து நடுநிலை காட்டுவது ஆசிரியரின் பிழை. சாதிப் பெயரை வசைச்சொல்லாக யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். “இந்தச் சொல் இந்த அறையில் கிடையாது” என்ற ஒரு வாக்கியம் போதும். சொன்னவனிடம் வகுப்பு முடிந்தபின் தனியாகப் பேசுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, மறுநாள் “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திருங்க” என்றால் நடத்தியது அத்தனையும் வீண். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வருகைப்பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்கும் தடை கேட்டது. உதவித்தொகைப் படிவத்தை ஒவ்வொரு பிள்ளையாக அலுவலக அறைக்கு அழைத்துக் கொடுத்தால் என்ன, அரை மணி நேரம் கூடுதலாகும்.

பாடம் முடிந்த ஒரு வாரம் மதிய உணவு வரிசையையும் கழிப்பறைச் சுவரையும் பாருங்கள். யார் யாரோடு உட்காருவது மாறியிருக்கிறது, என்ன புதிதாக எழுதப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். இரண்டு பேரையும் வகுப்பு முன் நிறுத்திக் கைகுலுக்க வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்தப் பகை பள்ளி கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்பில் தொடரும்.